மிவாவோட கால் அளவு

ஜனவரி

இசாமு அண்ணாவுக்கு,

கடுதாசின்னா முதல்ல பருவத்தைப் பத்தி நாலு வரி எழுதணும்னு ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க. படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்தாலும் இது மட்டும் மண்டையில ஒட்டிக்கிச்சு. பருவம்: பனி. முடிஞ்சது.

நீ டோக்கியோவுல பூமிக்கடியில ரயில் பாதைக்காக மண்ணைத் தோண்டுற. நாங்க இங்க பனிக்குள்ள நம்ம வீட்டைத் தோண்டி எடுத்துக்கிட்டு இருக்கோம். கீழ்த்தளம் மொத்தமா மூழ்கியாச்சு. வர்றது போறது, தபால் வாங்குறது எல்லாம் மாடி ஜன்னல் வழியாத்தான். பகல்லயே விளக்கு எரியுது. முள்ளங்கி எடுக்கணும்னா கொல்லையில கம்பு நட்டு வெச்ச இடத்தைத் தேடிப் பள்ளம் வெட்டணும். நேத்து நான் வெட்டின பள்ளத்துல முள்ளங்கிக்குப் பதிலா போன வருஷம் காணாமப்போன வாளி கிடைச்சுது.

உன் இடத்துல கூரைப் பனியை நான்தான் தள்ளுறேன். அப்பா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு கீழ நின்னு, அங்க தள்ளு, இங்க தள்ளுன்னு கத்துறாரு. பக்கத்து வீட்டு யசுகே தினமும் அந்தப் பக்கமா வந்து நின்னுக்கிட்டு, என்ன மசுமி, பள்ளிக்கூடம் உன்னைத் தள்ளிடுச்சா, நீ பனியைத் தள்ளுறியான்னு கேக்குறான். நேத்து அவன் தலையில ஒரு பாளம் விழுந்துச்சு. தெரியாமத்தான் விழுந்துச்சு. அவங்க அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். வகுப்புல உக்காந்தா எனக்குக் கால் அரிக்கும். கூரையில நின்னா அரிக்கலை. படிப்பைப் பத்தி இதுக்கு மேல எதுவும் கேக்காதே.

இப்போ உன் பொண்ணு விஷயம். நீ கிளம்பும்போது மிவா இடுப்புல தோல் வார் மாட்டியிருந்துச்சு இல்லையா, அதைப் புது வருஷத்துக்கு முன்னாடி டாக்டர் கழட்டிட்டாரு. தொடையெலும்பு இடுப்புக் குழியில ஒழுங்கா உக்காந்துடுச்சாம். இனிமே அவளா கால் ஊன்றி நடக்கணுமாம். மார்ச் கடைசிக்குள்ள நடக்கலைன்னா கூட்டிட்டு வாங்க, அறுத்துத்தான் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. இதை அண்ணி என்கிட்ட சொல்லும்போது குரல் கொஞ்சங்கூட மாறலை. கையில இருந்த துணியை மட்டும் மடிச்சதையே திரும்பத் திரும்ப மடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அவ நடக்கலை. ரெண்டு வயசு தாண்டியும் உக்காந்தபடியே பின்பக்கத்தால தேய்ச்சுத் தேய்ச்சு வீடெல்லாம் சுத்துறா. பாய் தேயுது, பேன்ட் தேயுது. நிக்க வெச்சா கால் ரெண்டையும் நனைஞ்ச கயிறு மாதிரி தொய்ய விட்டுட்டு அழுறா. வார் மாட்டுறதுக்கு முன்னாடி மாவுக்கட்டுல இருந்தப்போ மாசக்கணக்கா தூக்கித் தூக்கியே பழக்கிட்டோம். அவளுக்குத் தெரிஞ்ச முதல் வார்த்தையே தூக்கு.

பதினஞ்சாம் தேதி சின்னப் புத்தாண்டுக்கு ஊர்க்கோடியில வைக்கோல் கோபுரம் கட்டிக் கொளுத்தினோம். அப்பா மிவாவை முதுகுல கட்டிக்கிட்டு வந்தாரு. காய்ஞ்ச கணவாய் மீன் சுட்டோம், மோச்சி அரிசிக்கட்டி சுட்டோம், என்னோடது கருகிப்போச்சு. அப்புறம் எப்பவும் போல சாம்பலையும் பனியையும் பிசைஞ்சு ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் பூசினோம். யசுகே என் காதுக்குள்ள வரைக்கும் பூசிட்டான், பாளத்துக்குப் பழி. வருஷம் பூரா நோய் நொடி வராதுன்னு எல்லாரும் மூஞ்சியில பூசிக்கிறப்போ, அண்ணி யாரும் பாக்காத மாதிரி கொஞ்சம் சாம்பல் எடுத்து மிவாவோட முழங்கால்ல பூசினாங்க. நான் பாத்தேன்.

அண்ணா, நீ கிளம்பின அன்னைக்கு வாசல்ல பூட்ஸ் மாட்டிக்கிட்டே அண்ணிகிட்ட சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. கைக்குழந்தையில நீ இறுக்கிக் கட்டின துணிதான் அவ காலைக் கெடுத்துச்சுன்னு சொன்ன. சொல்லிட்டு நீ ரயிலேறிட்ட. அந்த வார்த்தை ரயிலேறலை, இங்கயே இருக்கு.

ஈர சாக்ஸோட தூங்காதே. அண்ணி சொல்லச் சொன்னாங்கன்னு எழுதினா நீ முறைப்ப. அதனால நான் சொல்றதா வெச்சுக்க. உடம்பு நல்லா இருக்கட்டும்.

கூரை மேலேர்ந்து,
மசுமி


பிப்ரவரி

அண்ணா,

பருவம்: இன்னும் பனி.

நீ அப்பாவுக்குப் போட்ட கடுதாசி வந்துச்சு. அப்பாவுக்கு இந்தக் குளிர்காலத்துல கண்ணு நல்லா மங்கிப்போச்சு. உனக்குத் தெரியாது, அவரும் சொல்லமாட்டாரு. அதனால இப்போல்லாம் வீட்டுக்கு வர்ற தபாலை அண்ணிதான் சத்தமா படிக்கிறாங்க. உன்னோடதையும் அவங்கதான் படிச்சாங்க. நாங்க எல்லாரும் கொதாட்சு மேசையோட கணப்புப் போர்வைக்குள்ள காலை நீட்டிக்கிட்டு கேட்டோம். முதலாளி கோடை வரைக்கும் இருக்கச் சொல்றாருன்னு எழுதியிருந்த. நாத்து நடவுக்கு வரலை, ஆள் வெச்சுப் பாத்துக்கங்கன்னு எழுதியிருந்த. மிவாவோட பேரு ஒரு தடவை வந்துச்சு. கடைசியில, வீட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லவும்.

அண்ணி ஒரு எழுத்து விடாம படிச்சாங்க. அந்த எல்லாரையும் கேட்டதா சொல்லவும் வரைக்கும். அப்புறம் அதை மடிச்சு அப்பா கையில குடுத்துட்டு, சூப்பு ஆறிடும் மாமான்னாங்க. அப்பா ரொம்ப நேரம் சூப்பைக் கலக்கிக்கிட்டே இருந்தாரு. எனக்கு அந்தக் கிண்ணத்தை உன் மேல விட்டெறியணும் போல இருந்துச்சு. தூரம் ஜாஸ்தி.

வேற சேதி. வெந்நீர் ஊத்துக்குப் போயிட்டு வந்தோம். பனி தள்ளுற வண்டி போன பின்னாடியே நடந்தோம், அப்பா மிவாவைச் சறுக்குப்பலகையில வெச்சு இழுத்தாரு. பொம்பளைங்க தொட்டியில ஆவிக்குள்ள முகம் தெரியாது, ஆனா வாய் மட்டும் கேக்கும். யாரோ ஒரு அம்மா, இந்தக் குழந்தை ஏன் இன்னும் நடக்கலை, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒழுங்கா துணி கட்டவும் தெரியலைன்னாங்க. அண்ணி கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள போயிட்டாங்க. நான் ஆவியைப் பாத்து, உங்களுக்கு ஒழுங்கா வாயைக் கட்டவே தெரியலையேன்னு சொன்னேன். வெளிய வந்து பாத்தா அது நம்ம தபால்காரரோட சம்சாரம். அதனால இந்தக் கடுதாசி லேட்டா வந்தா காரணம் அதுதான்.

ஆனா ஒண்ணு கேளு. தண்ணிக்குள்ள மிவா ரெண்டு காலையும் தவளை மாதிரி உதைக்கிறா. பலமா. என் வயித்துல ஒரு உதை விழுந்துச்சு, இன்னும் வலிக்குது. அப்போ கால்ல தெம்பு இருக்கு. தூக்கித் தரையில வெச்ச உடனே கயிறாயிடுறா. கால்ல கோளாறு இல்லண்ணா, பயம். பயத்தையா டாக்டர் அறுத்து எடுப்பாரு?

அண்ணி தினமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, அவ தூங்குறப்பவே அவ காலைத் தேய்ச்சுவிடுறாங்க. எப்போ தூங்குறாங்கன்னு எனக்குத் தெரியலை.

நீ பத்திரமா இரு. உனக்கு மேல இருக்கிற மண்ணு அசையாம இருக்கட்டும்.

மசுமி


மார்ச்

அண்ணா,

முதல்ல இதைப் படி. மிவா நடந்துட்டா. அறுவை சிகிச்சை வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்போ மூச்சு விட்டுட்டு, ஒரு டீ போட்டுக் குடிச்சுட்டு மீதியைப் படி. என்னோட ரெண்டு கடுதாசிக்கும் நீ பதில் போடலை, இருந்தாலும் உன்னைத் தவிக்க விட எனக்கு மனசு வரலை.

பனி இறுகுற காலம் வந்துடுச்சு. டோக்கியோக்காரன் ஆயிட்ட, மறந்திருப்ப. பகல்ல வெயில் அடிச்சு, ராத்திரி வானம் தெளிஞ்சா, விடியும்போது பனியோட மேல்தோடு பலகை மாதிரி ஆயிடும். வேலி, வரப்பு, வாய்க்கால் எதுவும் கிடையாது. எல்லாத்துக்கும் மேல நேரா நடக்கலாம். வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடணும், அது ஒண்ணுதான் கணக்கு. அப்படி ஒரு காலைல அப்பா ஜன்னல்லேர்ந்து குதிச்சு, குதிகாலால ஓங்கி மிதிச்சு, சத்தத்தைக் காது குடுத்துக் கேட்டுட்டு, கிளம்புங்க, இந்த வீட்டுல எல்லாரும் முள்ளங்கி மாதிரி வெளுத்துப்போயிட்டோம், எதிர்மேட்டு அத்தை வீட்டுக்குப் போவோம்னாரு. சாலை வழியா போனா மலையைச் சுத்தணும். பனி மேல போனா நம்ம படிக்கட்டு வயலெல்லாம் ஒரே சரிவு, நேரா இறங்கி நேரா ஏறவேண்டியதுதான்.

அண்ணி வரலைன்னாங்க. அப்பா, நீ வராட்டி நானும் போகலைன்னு சின்னப்பிள்ளை மாதிரி ஜன்னல்ல உக்காந்துட்டாரு. அதனால வந்தாங்க. மிவாவுக்குன்னு ஷூ ஏது, நடக்காத பிள்ளைக்கு யாரும் வாங்கலை. உன்னோட பழைய கம்பளி சாக்ஸை முழங்கால் வரைக்கும் இழுத்துக் கட்டி, சறுக்குப்பலகையில உக்கார வெச்சோம். நான் பனியில புதையாம இருக்கக் காலுக்குக் கட்டுற கன்ஜிக்கி வளையங்களை எடுத்தேன். அப்பா பாத்துட்டு, இறுகின பனியில வளையத்தோட போனா ஊர் சிரிக்கும், பொறந்ததுலேர்ந்து பனி பாக்குறவன் நான் சொல்றேன், வெச்சுட்டு வான்னாரு. வெச்சுட்டு வந்தேன். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்க, வீட்டுல சண்டை வந்தா எனக்கு சாட்சி வேணும்.

போறப்போ சொர்க்கம். வெள்ளைப் பலகை மேல பூட்ஸ் கிறீச் கிறீச்சுன்னு. மிவா பலகையில உக்காந்து வேகமா, வேகமான்னு கத்துறா. அண்ணி சிரிச்சாங்க. நான் பாத்து எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா அந்தச் சிரிப்பை.

அத்தை வீட்டுல சூடா இனிப்பு அரிசிக்கஞ்சி, கீரை ஊறுகா. அப்பாவுக்கும் கெங்கிச்சி மாமாவுக்கும் சாகே மது. அத்தை மிவாவோட காலைத் தடவிப் பாத்துட்டு, அண்ணி முன்னாடியே சொன்னாங்க: துணி கட்டினதாலயாம்ல, எல்லாரும் அப்படித்தான்டி கட்டினோம், உன் புருஷன் பொறந்தப்போ அவங்க அம்மாவுக்கு ஜுரம், அவனைக் கட்டினதே நான்தான், உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி கட்டினேன், இப்போ சுரங்கம் தோண்டலையா அவன்? அண்ணி கிண்ணத்தை நீட்டினாங்க. இன்னும் கொஞ்சம் கஞ்சி வேணும்னு கேட்டாங்க. அவங்க எதையும் ரெண்டாந்தரம் கேட்டு நான் பாத்ததே இல்ல.

இதெல்லாம் நடக்க நடக்க வெயில் ஏறிக்கிட்டு இருந்துச்சு. நான் சொன்னேன், போகலாம்பா. மேகம் வருது, இன்னொரு கோப்பைன்னாரு. மறுபடி சொன்னேன். பள்ளிக்கூடத்துல உக்கார முடியலை, சொந்தக்காரங்க வீட்டுலயும் உக்கார முடியாதான்னாரு. மாமா விழுந்து விழுந்து சிரிச்சாரு. மேகம் வரவேயில்ல.

திரும்புறப்போ சத்தம் மாறிடுச்சு. கிறீச் போயி சொதக் சொதக்குன்னு. அப்பா முன்னாடி நடந்துக்கிட்டே, பயப்படாதீங்க, இன்னும் நல்லா இறுக்கமாத்தான் இருக்குன்னு சொல்ல வந்தாரு. இறுக்கமாத்தான் வரைக்கும் சொன்னாரு. இருக்குன்னு சொல்றதுக்குள்ள இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டாரு. நான் சிரிச்சேன். சிரிச்ச வாயோட நானும் போனேன். கயிறு கையை விட்டுப் போயிடுச்சு. மிவா உக்காந்திருந்த பலகை சரிவுல சறுக்கிக்கிட்டே போயி, கீழ இருக்கிற நம்ம அகல வயல் மேல போய் நின்னுச்சு. அண்ணி அதைப் பிடிக்க ஓடினாங்க. பாதி தூரம் ஓடினாங்க. அப்புறம் ஒரு கால் தொடை வரைக்கும், அடுத்த கால் அதுக்கும் மேல. அத்தை குடுத்தனுப்பின ஊறுகா மூட்டை ஒரு பக்கம் உருண்டுச்சு.

நிலைமையைப் பாரு. மூணு பெரியவங்க மூணு ஓட்டையில. குழந்தை தனியா, எங்களுக்கெல்லாம் கீழ, வெட்டவெளியில. முதல்ல அவளும் சிரிச்சா. யாரும் வரலைன்னு தெரிஞ்சதும் அழ ஆரம்பிச்சா. தூக்கு, தூக்குன்னு ரெண்டு கையையும் நீட்டுறா. நான் எக்கி எக்கி வெளிய வந்தா, அடுத்த அடியிலயே மறுபடி உள்ள. ஒரு பூட்ஸ் அடியிலயே மாட்டிக்கிச்சு. படுத்து உருண்டு போன்னு அப்பா கத்தினாரு. உருண்டேன், தோடு நொறுங்கித் தலைகீழா போயி வாய் நிறைய பனி. வளையம் இருந்திருந்தா பத்து எட்டுல அவகிட்ட போயிருக்கலாம். அந்த நேரம் நான் அப்பாவைப் பாத்த பார்வையை அவர் இன்னும் மறக்கலை.

அண்ணி, அம்மா வரேண்டா, அசையாதே, அம்மா வரேண்டான்னு சொல்லிக்கிட்டே கையால பனியைப் பறிச்சுப் பறிச்சுப் பாத்தாங்க. கால் அசையலை. அப்புறம் பறிக்கிறதை நிறுத்திட்டாங்க. கொஞ்ச நேரம் சும்மா அவளையே பாத்தாங்க. பாத்துட்டு, சோறு போட்டுட்டேன் வான்னு கூப்பிடுற மாதிரி சாதாரணமா சொன்னாங்க: மிவா, அம்மாவால வர முடியலைடா. அம்மா கால் மாட்டிக்கிச்சு. நீ வந்து அம்மாவைத் தூக்கிவிடு.

அவ அழுகையை நிறுத்திட்டா. அவளை யாரும் இப்படிக் கேட்டதே இல்லையே. பலகையிலேர்ந்து சறுக்கி இறங்கி, எப்பவும் போல பின்பக்கத்தால தேய்ச்சா. ஈரப்பனி பேன்ட்டை நனைச்சுதோ என்னவோ, மூஞ்சியைச் சுளிச்சா. பலகையைப் பிடிச்சு எழுந்தா. பலகை நகந்துச்சு, விட்டுட்டா. நின்னா. பிடிக்க அங்க சுவரு இல்ல, கதவு இல்ல, எங்க கையும் இல்ல. ஒரு அடி வெச்சா. எங்களை எல்லாம் முழுங்கின அதே பனி அவளைத் தாங்குச்சு அண்ணா, ஒரு பூனையைத் தாங்குற மாதிரி. உன் சாக்ஸ் வழுக்கலை. ஒரு தடவை விழுந்தா. அண்ணி வாயைத் திறக்கலை. அவளா கை ஊன்றி எழுந்து, வாத்து மாதிரி அசைஞ்சு அசைஞ்சு சரிவுல ஏறி வந்து, அண்ணியோட சட்டைக் காலரை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா. அப்பா அரிசி மூட்டை தூக்குறப்போ ஒரு சத்தம் போடுவாரே, அதை அப்படியே போட்டுக்கிட்டு இழுத்தா.

அண்ணி இம்மி அசையலை. ஆனா சொன்னாங்க, இன்னும் பலமா இழுடா, வந்துட்டேன், இதோ வந்துட்டேன். சொல்லிக்கிட்டே அழுதாங்க. அப்பா கண்ணுல பனி விழுந்துடுச்சாம், துடைச்சுக்கிட்டே இருந்தாரு. வானம் நீலமா இருந்துச்சு, எந்தப் பனி விழுந்துச்சுன்னு நான் கேக்கலை.

கெங்கிச்சி மாமா எதிர்மேட்டுலேர்ந்து பாத்துட்டு வளையம் கட்டிக்கிட்டு வந்து எங்களைத் தோண்டி எடுத்தாரு. அப்பாகிட்ட வந்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கிட்டு, மச்சான், இந்த முள்ளங்கியை இப்பவே பிடுங்கணுமா, இல்ல ஏப்ரல் வரைக்கும் இப்படியே இருக்கட்டுமான்னு கேட்டாரு. ஊர் பூரா பரவிடுச்சு. யசுகே இப்போ அப்பாவைப் பாத்தா குதிகாலால தரையை மிதிச்சுக் காது குடுத்துக் கேக்குறான்.

வீட்டுக்கு வந்ததும் அவ மறுபடி பின்பக்கத்தால தேய்க்க ஆரம்பிச்சுட்டா. நான் அவளைப் பிடிச்சு நிக்க வெக்கப் போனேன். அண்ணி, விடு மசுமின்னாங்க. மறுநாள் காலைல நான் கண் முழிச்சப்போ மிவா கொதாட்சுவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அண்ணி தூங்குறாங்க. விடிஞ்சு வெளிச்சம் வந்தும் தூங்குறாங்க. நான் சத்தம் போடாம அடுப்பைப் பத்த வெச்சேன். சோறு அடிப்பிடிச்சுது, யாரும் எதுவும் சொல்லலை.

பனியில நின்னுபோன பஸ் மறுபடி ஓட ஆரம்பிச்சதும் டாக்டர்கிட்ட போனோம். நடைபாதையில அவளை நடக்கவிட்டுப் பாத்தாரு. இடது காலைக் கொஞ்சம் இழுக்குறா, ஓடி விளையாடினா சரியாகும், இலையுதிர்காலத்துல ஒரு தடவை காட்டுங்கன்னாரு. அண்ணி கேக்கமாட்டாங்கன்னு நானே கேட்டேன், துணி கட்டினதாலதான் இப்படி ஆச்சான்னு. அவரு சொன்னாரு, அது மட்டும்னு சொல்ல முடியாதும்மா, சில குழந்தைங்களுக்குப் பொறக்கும்போதே குழி ஆழம் கம்மி, யாரையும் சொல்லிக் குத்தமில்ல. இதை நான் அவர் சொன்னபடியே எழுதியிருக்கேன். ரெண்டு தடவை படி.

உள்ள ஒரு காகிதம் மடிச்சு வெச்சிருக்கேன். அது மிவாவோட பாதம். நிக்க வெச்சு அண்ணிதான் பென்சிலால சுத்தி வரைஞ்சாங்க. ஷூ வாங்கணும்ல. ரெண்டு பாதத்தையும் வரைஞ்சிருக்காங்க, ஏன்னா இடது கொஞ்சம் சின்னது. ஒரு இடத்துல கோடு அலைஞ்சிருக்கும், அங்க அவளுக்குக் கூச்சம் வந்து சிரிச்சுட்டா. அண்ணியும் சிரிச்சாங்க, அதனாலதான் அவ்வளவு அலைஞ்சிருக்கு.

உன்னை வரச்சொல்லி எழுதக்கூடாதுன்னு அப்பா கண்டிச்சு சொல்லிட்டாரு. அதனால எழுதலை. பதில் போட்டா உறை மேல அண்ணி பேரை எழுது, நொபுயோன்னு. அப்பாவுக்கு நான் படிச்சுக் காட்டிக்கிறேன். ஷூவைத் தபால்ல மட்டும் அனுப்பாதே. தபால்காரர் வீட்டுக்கும் எனக்கும் எப்படின்னு உனக்குத் தெரியும். அதோட குழந்தைக்கு ஷூவை யாராவது மண்டி போட்டு உக்காந்து மாட்டிவிட்டு, விரல் முட்டுதான்னு அமுக்கிப் பாக்கணும்.

ரொம்ப யோசிக்காதே அண்ணா. பனி உருகுது, வரப்பு தெரிய ஆரம்பிச்சுடுச்சு, பிள்ளைங்களுக்கு கால் சீக்கிரம் வளரும்.

நல்லா இரு.

ஒரு பூட்ஸை வயல்ல விட்டுட்டு வந்த உன் தங்கை,
மசுமி